சுவர் ஓவன் மக்கர் செய்தால்: கழற்றுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

மாடுலர் கிச்சன் போட்ட பல வீடுகளில் சுவருக்குள் பதித்த மின்சார ஓவனின் நிலைமை இதுதான்: டிசம்பரில் கேக், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு பிட்சா, மற்ற மாதங்களில் வாணலியும் தட்டும் அடுக்கி வைக்கும் அலமாரி. மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெஷினை அவசரத்துக்குப் போடும் நாளில்தான் அது சண்டித்தனம் செய்யும். உடனே "காயில் போயிருக்கும்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். போயிருக்கலாம்தான். ஆனால் உள்ளே கை வைப்பதற்கு முன் வெளியே பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதுதான் பெரும்பாலான வீண்செலவுக்குக் காரணம். அதைவிட மோசமானது ஒன்று உண்டு: ஓவனை நிறுத்திய பாதுகாப்புக் கருவியையே பழுது என்று நினைத்து, அதை வேலை செய்யவிடாமல் பண்ணுவது.

முதலில் சிரிப்பு வரவழைக்கிற தவறு. கரண்ட் போய் வந்ததும் பல மாடல்களில் திரையில் 12:00 அல்லது 0:00 மின்னிக்கொண்டிருக்கும். நேரத்தை செட் செய்யும்வரை அவை சூடாகாது. சிலவற்றில் ஆட்டோ அடையாளம் மின்னும். ஓவன் டைமருக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கை படம் போட்ட பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். மாடலுக்கு மாடல் இது மாறும், கையேட்டைப் பாருங்கள். சைல்ட் லாக், கடைகளில் காட்சிக்கு வைக்கும் டெமோ மோட் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். டெமோ மோடில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், சூடு மட்டும் வராது. மின்வெட்டு சகஜமான ஊரில் இதை முதலில் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டால், விசிட்டிங் சார்ஜ் கொடுத்து கடிகாரத்தில் நேரம் வைத்துக்கொண்டதாக ஆகும்.

"சூடாகிறது, ஆனால் ரொம்ப லேட்டாகிறது" என்றால் வோல்டேஜைப் பாருங்கள். காயிலின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2000 வாட் கொடுக்கும் காயில், 200 வோல்ட்டில் சுமார் 1500 வாட்தான் கொடுக்கும். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்தால் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது. சாயங்காலம் மட்டும் மந்தமாகவும் காலையில் நன்றாகவும் இருந்தால் குற்றவாளி ஓவன் அல்ல.

எது ட்ரிப் ஆனது, எப்போது ஆனது?

ஓவன் போட்டதும் வீடே இருட்டாகிவிட்டது என்று சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. போர்டில் எந்த லீவர் கீழே விழுந்திருக்கிறது என்று பார்க்காமலேயே மேலே தள்ளிவிடுவது எல்லாரும் செய்கிற தவறு. அந்த லீவர் சொல்கிற சேதியில் பாதி நோய் தெரிந்துவிடும்.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஓவனைப் போட்ட கணமே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். இருபது நிமிஷம் ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோட், அல்லது எங்கோ லூஸ் கனெக்‌ஷன் சூடேறுகிறது. ஓவன் 3000 வாட் என்றால் அது மட்டுமே 13 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் கீஸரோ இண்டக்‌ஷன் அடுப்போ இருந்தால் எம்சிபி விழத்தான் செய்யும். இங்கே நடக்கும் ஆபத்தான குறுக்குவழி, 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுவது. எம்சிபி காப்பாற்றுவது ஓவனை அல்ல, சுவருக்குள் ஓடும் கம்பியை. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் எம்சிபி போட்டால், கம்பி பைப்புக்குள்ளேயே சூடேறி உருகும், வெளியே யாருக்கும் தெரியாது. ஓவனுக்கென்று தனி லைன், 16 ஆம்பியர் பாயின்ட், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தூரம் அதிகமானால் 4 சதுர மி.மீ. இதுதான் முறை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எல்லாம் கிட்டவே வரக்கூடாது.

போர்டில் இருக்கும் இன்னொரு லீவரான ஆர்சிசிபி விழுந்தால் கதையே வேறு. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இல்லை, நடுவில் எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. வீடுகளில் போடுவது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் வகை. ஓவன் கசிவுக்கு நம்ம ஊரில் ஒரு விசேஷக் காரணம் இருக்கிறது. காயிலின் உள்ளே நிக்ரோம் கம்பி. சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி. வெளியே உலோகக் குழாய். அந்தப் பொடிக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. மழைக்காலம் முழுக்க ஓவனைப் போடாமல் வைத்திருந்தால், குழாயின் முனையில் இருக்கும் சீல் வழியாக ஈரம் மெல்ல உள்ளே போகும். அப்புறம் போட்டதும் கரண்ட் குழாய்க்குக் கசியும், ஆர்சிசிபி விழும். மாதம் ஒருமுறை வெறும் ஓவனை 100 டிகிரியில் அரைமணி நேரம் ஓடவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வந்துவிட்டால்? எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் ஆர்சிசிபி விழாது என்று ஒரு யோசனையை யாராவது சொல்வார்கள். உண்மைதான், விழாது. கசிகிற கரண்ட் போக வழியில்லாமல் ஓவனின் உலோக உடம்பிலேயே காத்திருக்கும், யாராவது ஈரக்கையோடு கதவைத் திறக்கும்வரை. "லேசா சுர்ருனு இருக்கு, செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்று காலம் தள்ளுவதும் இதே ரகம். சுர்ரென்றால் அன்றோடு ஓவனை நிறுத்தி, எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். வேறு பேச்சே இல்லை.

எர்த் சரியாக இருக்கிறது, ஆர்சிசிபி விழுகிறது என்றால், எந்தக் காயில் என்று கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கீழ்ச்சூடு மட்டும், கிரில் மட்டும், ஃபேனோடு சூடு மட்டும் என்று செலக்டரை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். எதில் விழுகிறதோ அந்தக் காயில்மேல் சந்தேகம். ஓவன் அணைத்திருக்கும்போதே விழுந்தால், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) பக்கம் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். விழ விழத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது வேண்டாம்.

கழற்றும்போது

முதல் எச்சரிக்கை: உங்களிடம் இருப்பது வெறும் ஓவன்தானா, மைக்ரோவேவும் சேர்ந்ததா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மைக்ரோவேவ் சேர்ந்த மெஷினுக்குள் இருக்கும் கெபாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்லும். அதன் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் காயில் மட்டுமே உள்ள ஓவனுக்கு.

ஓவனின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. சாதாரண சுவிட்சும் ஒற்றை எம்சிபியும் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். வயரிங்கில் ஃபேஸும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்த ஓவனுக்குள் கரண்ட் இருக்கும். எம்சிபியை இறக்கி, பிளக்கையும் பிடுங்க வேண்டும். பிளக் ஓவனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் மெயினையே இறக்கிவிட்டு ஓவனை வெளியே இழுங்கள். டெஸ்டர் எரியவில்லை, கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையும் வேண்டாம். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பாயின்ட்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு ஓவனில் வைத்து, மறுபடி அந்தப் பாயின்ட்டில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. மீட்டரே பழுதாக இருந்தாலும் பூஜ்யம்தானே காட்டும்.

ஓவன் 30, 40 கிலோ இருக்கும். கதவைத் திறந்தால் உள்சட்டத்தில் ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றியதும் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. கதவு திறந்தபடி பாதி வெளியே வந்தால் முன்பக்கம் கவிழும். இரண்டு பேர் வேண்டும், இறக்கி வைக்க முன்கூட்டியே ஒரு உறுதியான மேடை வேண்டும். கதவைத் தனியாகக் கழற்றினால் எடை குறையும். ஆனால் கீலில் இருக்கும் லாக்கைப் போடாமல் கழற்றினால் ஸ்பிரிங் அறைந்து விரலை நசுக்கிவிடும்.

பல மாடல்களில் காயிலை முன்பக்கமாகவே எடுக்கலாம், ஓவனை வெளியே இழுக்கத் தேவையே இல்லை. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கம்பி கழன்று பின்பலகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் முழு ஓவனையும் இறக்கத்தான் வேண்டும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டக் காயிலுக்கு நடுவே இருக்கும் ஃபேனின் நட்டு நிறைய மாடல்களில் எதிர்த்திசை மரை. வழக்கமான பக்கம் திருப்பித் திருப்பி அதை முறித்தவர்கள் நிறைய.

அளப்பதில் வரும் குழப்பம்

காயிலில் கம்பி மாட்டியிருக்கும்போதே ஓம் (மின்தடை) அளந்தால், மற்ற பாகங்களின் வழியாகவும் கரண்ட் ஓடி மீட்டர் பொய் சொல்லும். கம்பிகளைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். எவ்வளவு வர வேண்டும்? 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுங்கள். 1000 வாட் காயிலுக்கு சுமார் 53 ஓம், 2000 வாட்டுக்கு 26, 2500 வாட்டுக்கு 21. இதற்குப் பக்கத்தில் வந்தால் கம்பி அறுபடவில்லை. மீட்டரில் ஓம் எண்ணே வராமல் OL என்று நின்றால் காயில் அவுட்.

ஓம் சரியாக வந்தது, ஆகவே காயில் நல்லது என்று முடிவுகட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அது கம்பி அறுபடவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. குழாய்க்குக் கசிகிறதா என்பது வேறு சோதனை. மல்டிமீட்டர் சில வோல்ட் பேட்டரியில் அளப்பது. அதில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் தெரியும். இதற்கு 500 வோல்ட் மெகர் (உயர் வோல்டேஜ் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் இருக்கும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் காயிலை மாற்றிவிடுவது நல்லது.

காயில் நன்றாக இருந்து சூடு வரவில்லை என்றால் அடுத்து, சூடு அளவு மீறினால் கரண்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு கட்-அவுட்டைப் பார்ப்பார்கள். அது திறந்திருந்தால், "டைரக்ட் பண்ணிடலாம் சார், அம்பது ரூபாய் சமாச்சாரம்" என்று ஒரு குரல் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்-அவுட் தானாகப் போவது உண்டு. ஆனால் பெரும்பாலும் மெஷின் அளவுக்கு மேல் சூடானதால்தான் அது திறந்திருக்கும். கூலிங் ஃபேன் நின்றுவிட்டதா, காற்று போகும் இடைவெளியைக் கார்ப்பென்டர் பலகை வைத்து அடைத்துவிட்டாரா, அடித்தட்டில் அலுமினியம் ஃபாயில் விரித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் புது கட்-அவுட் போட்டால் அதுவும் திறக்கும். அதை விட்டுவிட்டுக் கம்பியை நேராக இணைத்து டைரக்ட் செய்துவிட்டால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் அன்றைக்கு சூட்டை நிறுத்த ஆளே இல்லை. சுற்றிலும் இருப்பது பிளைவுட்.

கூலிங் ஃபேன் பற்றி இன்னொன்று. சமைத்து முடித்து அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடும். அது பழுதல்ல. சத்தம் பிடிக்கவில்லை என்று சுவரில் சுவிட்சை அணைப்பவர்கள், சூட்டை முழுக்க எலெக்ட்ரானிக் போர்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

"சூடு சரியில்லை" என்ற புகாரில் அவசரம் அதிகம். ஓவன் ஒரே சூட்டில் நிற்காது, ஏறும், இறங்கும். தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, அரைமணி நேரம் கழித்து, பல தடவை பார்த்து சராசரி எடுக்க வேண்டும். சராசரியில் பத்து டிகிரி வித்தியாசம் பெரிதல்ல. பல டிஜிட்டல் மாடல்களில் மெனுவிலேயே திருத்தலாம். அதற்கு மேல் போனால் கதவு ரப்பர் பிய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு சென்சார். நிறைய எலெக்ட்ரானிக் ஓவன்களில் இருப்பது 0 டிகிரியில் 1000 ஓம் காட்டும் பிளாட்டினம் சென்சார். நம்ம ஊர் 30 டிகிரியில் அது சுமார் 1117 ஓம் காட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் குளிர்நாட்டு எண்ணை வைத்துக்கொண்டு நல்ல சென்சாரைத் தூக்கிப் போட வேண்டாம்.

மாற்றும்போது

காயில் வாங்கும்போது வடிவம் ஒத்துப்போனால் போதாது, வாட்டும் ஒத்துப்போக வேண்டும். கூடுதல் வாட் போட்டால் சீக்கிரம் சூடாகும் என்ற ஆசையில் ரிலேயும் (காயிலை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) கம்பியும் கருகும். உள்ளே கருகிய கம்பிக்குப் பதிலாக வீட்டு வயரிங் கம்பியைப் போடுவது இன்னொரு வழக்கம். சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கு உண்டானது. ஓவனுக்குள் சிலிக்கான் அல்லது கண்ணாடியிழை உறை போட்ட கம்பிதான் தாங்கும். முறுக்கி டேப் சுற்றுவது, ஈயம் வைத்துப் பற்றவைப்பது இரண்டும் ஓவனுக்குள் உதவாது: டேப் உருகும், ஈயமும் வெள்ளீயமும் கலந்த வழக்கமான சால்டர் 183 டிகிரியிலேயே இளகிவிடும். சூடு தாங்கும் லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக முனை) வைத்து, கருவி கொண்டு இறுக்க வேண்டும். விளக்கும் அப்படியே, 300 டிகிரி என்று எழுதியிருக்கும் பல்பு மட்டும்.

வாரண்டி மிச்சம் இருந்தால், எலெக்ட்ரானிக் போர்டில் கருகல் தெரிந்தால், காரணம் தெரியாமல் இரண்டாவது தடவை அதே பாகம் போனால், அங்கே நிறுத்திக்கொண்டு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் உடனே கேக் வைக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, வெறும் ஓவனை 200 டிகிரியில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். புதுக் காயிலிலிருந்து லேசான புகையும் வாடையும் வரும், அது சகஜம். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் அணைத்துவிடுங்கள். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் பழுது இன்னும் மிச்சம் இருக்கிறது, அது பிளக் பாயின்ட்டில்.