வித்தியாசமான ஆர்க்கிட் வாங்கப் போறீங்களா? மொதல்ல உங்க வீட்டு சூட்டைப் பாருங்க

ஊதா டென்ட்ரோபியம், வெள்ளை ஃபெலனாப்சிஸ்னு நர்சரில சாதாரணமா கிடைக்கிற ஆர்க்கிட் ரெண்டும் வாங்கி பூக்கவும் வச்சாச்சு, இனிமே யார் வீட்லயும் இல்லாத செடியா ஒண்ணு வேணும்னு கை துறுதுறுங்கும். நிறைய பேருக்கு காசும் செடியும் சேந்து போறது இந்த நேரத்துல தான். நான் சென்னைல மொட்டை மாடில வளர்க்கிறேன், அதனால சொல்றதெல்லாம் நம்ம சமவெளி சூட்டுக்குத் தான், ஊட்டி கொடைக்கானல்ல இருக்கிறவங்களுக்கு கணக்கே வேற.

ஸ்டெப் 1: ராத்திரி சூட்டை அளந்துக்கோங்க

செடி வைக்கப் போற இடத்துல ஒரு தெர்மாமீட்டர் மாட்டி ராத்திரி பாருங்க. மே மாசம் சென்னைல விடியக்காலைல கூட 28 டிகிரி இருக்கும். குரங்கு மூஞ்சி ஆர்க்கிட்னு போட்டோ சுத்துதே, ட்ராகுலா சிமியா, அது ஈக்வடார் மலைல எப்பவும் மேகம் மூடியிருக்கிற குளிர்ந்த காட்டுச் செடி, நம்ம ராத்திரியத் தாங்காது. எவ்ளோ ஆசையா இருந்தாலும் விட்ருங்க.

ஸ்டெப் 2: சூடு தாங்குறதுல வித்தியாசமானதைத் தேடுங்க

என் மொத சாய்ஸ் வாண்டா டெசெலேட்டா. நம்ம ஊர் மாமரத்துலயே தொத்தி வளர்ற செடி, மஞ்சளும் பழுப்புமா கட்டம் போட்ட பூ, நல்ல வாசனை, ஆனா நர்சரில யாரும் கேட்டு வாங்குறதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம். அடுத்தது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா, நரிவால் மாதிரி கொத்து தொங்கும், அஸ்ஸாம்ல பிஹு ஆடுற பொண்ணுங்க தலைல வைக்கிறது இதைத் தான். ராத்திரி வாசனை வேணும்னா ப்ராஸவோலா நோடோசா. பகல்ல ஒண்ணுமே தெரியாது, இருட்டினதும் மாடியே மணக்கும், அந்துப்பூச்சியக் கூப்பிடுறதுக்காக அப்படி. இலை அழகுக்கு லுடிசியா டிஸ்கலர், வெல்வெட் இலைல செப்புக் கம்பி ஓடின மாதிரி கோடு, நிழல்லயே வளரும். தினம் தண்ணி காட்ட முடியும்னா மட்டும் பல்போஃபில்லம் மெடுசே, பூ முடிக்கத்தை மாதிரி தொங்கும், காய விட்டா போச்சு.

ஸ்டெப் 3: இதையெல்லாம் வாங்காதீங்க

ஆர்க்கிட் விதைன்னு பாக்கெட் வித்தா தொடவே தொடாதீங்க. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ள சாப்பாடே கிடையாது, காட்டுல ஒரு பூஞ்சை துணைக்கு வந்தா தான் முளைக்கும், இல்லனா லேப்ல கண்ணாடி பாட்டில்ல தான், தொட்டில தூவி முளைக்க வைக்க முடியாது. பளிச்சுனு நீலமா ஃபெலனாப்சிஸ் இருந்தா அது சாயம் ஏத்தினது, அடுத்த தடவை வெள்ளையா தான் பூக்கும்.

இன்னொன்னு காட்டுல பிடுங்கினது. வேரை மரத்துலருந்து பிச்ச மாதிரி அறுந்திருக்கும், பட்டைத்துண்டும் பாசியும் ஒட்டியிருக்கும், இலைல பூச்சி கடிச்ச தழும்பு, கட்டு கட்டா மலிவா விப்பாங்க. அகத்தியமலைப் பக்கம் மட்டும் இருக்கிற பாஃபியோபெடிலம் ட்ரூரிங்கிற லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் இப்படிப் பிடுங்கிப் பிடுங்கியே காட்டுல அழியுற நிலைமைக்கு வந்துடுச்சு. அந்த லேடீஸ் ஸ்லிப்பர் வகை, ப்ளூ வாண்டா, ரெட் வாண்டா எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வர்ற செடிங்க, லைசென்ஸ் உள்ள நர்சரி வளர்த்ததான்னு கேக்காம காசு குடுக்காதீங்க.

ஸ்டெப் 4: விக்கிறவங்ககிட்ட கேளுங்க

நெட்டுல காட்டுற பூ போட்டோவ நம்பாதீங்க, உங்களுக்கு வரப்போற அதே செடியோட வேரும் அடி இலையும் தெரியுற மாதிரி போட்டோ கேளுங்க. வேர் கெட்டியா வெள்ளையாவோ பச்சையாவோ இருக்கணும், அமுக்கினா தண்ணியா நசுங்கினா அழுகல். இலை கரும்பச்சையா இருந்தா வெளிச்சம் பத்தாம வளர்ந்தது, பூக்க லேட்டாகும். சைஸ் கேக்க மறக்காதீங்க. சீட்லிங், அதாவது சின்ன நாத்து, மலிவு தான், ஆனா பூ பாக்க மூணு நாலு வருஷம் கூட ஆகும், புதுசா வளர்க்கிறவங்க காசு அதிகமா போனாலும் ப்ளூமிங் சைஸே, அதாவது பூக்கிற அளவுக்கு வளர்ந்த செடியே வாங்குங்க. மொத தடவை நான் சைஸ் கேக்காம ஆர்டர் பண்ணி விரல் நீளத்துக்கு ஒரு வாண்டா வந்துச்சு, ரெண்டு வெயில் காலம் தாங்கல. மே மாசம் கூரியர்ல எதுவும் வாங்காதீங்க, பெட்டிக்குள்ளயே வெந்துடும்.

ஸ்டெப் 5: வீட்டுக்கு வந்ததும்

பெட்டியப் பிரிச்சு அழுகின வேரை மட்டும் வெட்டுங்க, கத்திரிய நெருப்புல காட்டிட்டு வெட்டுங்க, ஏன்னா ஆர்க்கிட் வைரஸ் வெட்டுற கத்தி, கத்திரி வழியா அடுத்த செடிக்குப் போகும், அதுக்கு மருந்தே இல்ல. 15 நிமிஷம் தண்ணில ஊற வச்சு, நிழல்ல மத்த செடிங்கள விட்டுத் தள்ளி மூணு வாரம் வைங்க, இலையோட அடில மாவுப்பூச்சி இருக்கான்னு தினம் பாருங்க. அதுக்கப்புறம் கரியும் தேங்காமட்டைத் துண்டும் போட்டு நடலாம். வாண்டாவுக்கு அதுவும் வேணாம், கூடைல சும்மா தொங்க விடுங்க. வேர் நுனி பச்சையா புதுசா நீளுற வரைக்கும் உரம் காட்டாதீங்க.