டெபியனில் கிடப்பில் கிடக்கும் பேக்கேஜ் கோரிக்கைகளை மூடும் முறை

லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் புதிய பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி) கேட்டு வரும் கோரிக்கைகள் எல்லாம் டபிள்யூ.என்.பி.பி. என்ற பெயரளவுப் பேக்கேஜின் கீழ் எண்ணிட்ட பக் (பிழை) அறிக்கைகளாகப் பதிவாகின்றன. நமக்கு வேண்டியவை இரண்டு வகை. "யாராவது செய்து கொடுங்கள்" என்பது ஆர்.எஃப்.பி. "நான் செய்யப்போகிறேன்" என்பது ஐ.டி.பி. பழைய ஆர்.எஃப்.பி. ஒன்று திறந்தே கிடந்தால் பெரிய கேடில்லை. தேவை இன்னும் இருக்கலாம். கைவிடப்பட்ட ஐ.டி.பி. அப்படியல்ல. ஒருவர் ஏற்கெனவே வேலை செய்கிறார் என்று நம்பி, ஆர்வத்தோடு வரும் புதியவர் ஒதுங்கிப் போய்விடுவார். அதனால் ஐ.டி.பி.களில் தொடங்குங்கள். பழையது என்பது மட்டும் எதையும் மூடக் காரணமாகாது.

முதலில், கேட்ட மென்பொருள் ஏற்கெனவே டெபியனுக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் உள்ள ஆர்மேடிசன் கட்டளை எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று காட்டும். ஆனால் கோரிக்கையில் உள்ள பெயரை மட்டும் தேடினால் போதாது. பைதான் நிரல்கூறு 'பைதான்3-' என்ற முன்னொட்டோடு இருக்கும். பெர்ல் என்றால் முன்னால் 'லிப்', பின்னால் '-பெர்ல்'. ஆர் மொழிக்கு 'ஆர்-கிரான்-'. கோ மொழிக்கு 'கோலாங்-கிட்ஹப்-'. விளக்கத்திலும் தேடுங்கள். கிடைத்த பேக்கேஜின் முகப்புப் பக்க முகவரி, கோரிக்கையில் உள்ள திட்டத்தின் முகவரிதானா என்று ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு நிரல்கள் இருப்பதுண்டு. பெயரை மட்டும் பார்த்து மூடினால் தவறு நேரும்.

பேக்கேஜ் நியூ வரிசையில் (புதியவற்றைப் பரிசீலிக்கும் வரிசை) காத்திருந்தால் கை வைக்காதீர்கள். ஏற்கப்பட்டதும் சேஞ்ச்லாகில் (மாற்றப் பதிவேடு) உள்ள 'குளோசஸ்' வரி பக்கைத் தானே மூடிவிடும். நிராகரிக்கப்பட்டால் கோரிக்கை திறந்திருப்பதுதான் சரி.

அடுத்தது மூலத் திட்டத்தின், அதாவது மென்பொருளை எழுதுபவர்களின் திட்டத்தின், நிலை. கோரிக்கையில் உள்ள இணைப்பு திறக்கவில்லை என்பதால் திட்டமே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நிரல்களை வைத்திருந்த தளங்களான கிட்டோரியஸ் 2015-இலும் கூகுள் கோட் 2016 ஜனவரியிலும் மூடப்பட்டன. அங்கிருந்த திட்டங்கள் பல வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. புதிய இடத்தைக் கண்டுபிடித்தால் அதை பக்கில் எழுதிவையுங்கள், அதுவும் பயனுள்ள வேலை. பைதான் 2-இல் மட்டுமே ஓடும், அதற்குப் பின் யாரும் தொடவில்லை என்றால் மூடலாம்: அந்தப் பதிப்பின் ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது, டெபியன் 12-இல் அது இல்லை. க்யூட்டி 4 என்ற நிரலகத்தை நம்பியவற்றுக்கும் இதே நிலை. டெபியன் 11-லேயே அது நீக்கப்பட்டுவிட்டது. உரிமத்தையும் புதிதாகப் படியுங்கள், இடையில் மாறியிருக்கலாம்.

ஐ.டி.பி. என்றால் உரியவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. பக் எண்ணின் முகவரிக்கு மட்டும் எழுதினால் பதிவு செய்தவருக்கு மடல் போகாது. எண்ணுக்குப் பின் '-சப்மிட்டர்' சேர்த்த முகவரிக்கும் அனுப்புங்கள். ஓனர் (வேலையை ஏற்றவர்) வேறொருவர் என்றால் அவருக்கும். பாதி முடிந்த வேலை டெபியனின் நிரல் களமான சால்சா தளத்தில் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இணைப்பைச் சேருங்கள். ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லை என்றால் மூடாதீர்கள், ஆர்.எஃப்.பி.யாக மாற்றுங்கள். பக் முகவரிக்கு அனுப்பும் மடலின் தொடக்கத்திலேயே இப்படி இரண்டு வரிகள் வர வேண்டும் (தட்டும்போது ஆங்கில எழுத்தில்):

கண்ட்ரோல்: ரீடைட்டில் -1 ஆர்.எஃப்.பி.: பெயர் -- சுருக்க விளக்கம்
கண்ட்ரோல்: நோஓனர் -1

பிறகு ஒரு வெற்று வரி, அதற்குக் கீழே காரணம். முதல் வரி பக்கின் தலைப்பை மாற்றும், இரண்டாவது ஓனர் பெயரை நீக்கும். '-1' என்பது அந்த பக்கையே குறிக்கும். இந்த வரிகள் உடலின் நடுவில் வந்தால் வேலை செய்யாது. மடல் வெறும் உரையாக இருக்கட்டும். தலைப்பின் வடிவத்தையும் மாற்றாதீர்கள். கருவிகள் அதைப் பிரித்துப் படித்துத்தான் பட்டியல் தயாரிக்கின்றன.

உண்மையிலேயே மூட வேண்டியதை, எண்ணுக்குப் பின் '-டன்' சேர்த்த முகவரிக்கு எழுதி மூடுங்கள். அந்த மடல் அப்படியே கேட்டவருக்குப் போகும். எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எந்த வெளியீட்டில் இருக்கிறது, அல்லது என்ன தேடி என்ன கிடைக்கவில்லை என்பதை நாலு வரியில் சொல்லுங்கள். காத்திருந்தவருக்கு அந்த விளக்கம் உரியது. மடலில் வரும் கட்டளைகளை நிறைவேற்றும் கண்ட்ரோல் சேவகத்தின் பழைய 'குளோஸ்' கட்டளை காரணத்தைக் கொண்டு சேர்க்காது, அதைத் தவிருங்கள்.

மூடுமுன் 'பிளாக்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். வேறொரு ஐ.டி.பி. இதற்காகக் காத்திருந்தால் அங்கேயும் தெரிவிக்க வேண்டும். ஒரே கோரிக்கை இரண்டு முறை பதிவாகியிருந்தால், உரையாடல் வளமாக உள்ள எண்ணோடு மற்றதை 'மெர்ஜ்' செய்யுங்கள். இணைத்த பின் ஒன்றை மூடினால் இரண்டும் மூடும்.

நூற்றுக்கணக்கில் ஒரே ஸ்கிரிப்டால் மூடும் எண்ணம் இருந்தால், முதலில் டெபியன்-டெவெல் மடற்குழுவில் சொல்லி ஒப்புதல் பெறுங்கள்.

தவறாக மூடியதை 'ரீஓப்பன்' கட்டளையால் திறக்கலாம். மூடி 28 நாள் அசைவில்லாமல் இருந்தால் பக் காப்பகத்துக்குப் போய்விடும். அப்போது கண்ட்ரோல் முகவரிக்கு முதலில் 'அன்ஆர்க்கைவ்', அடுத்த வரியில் 'ரீஓப்பன்', கடைசியில் 'தேங்க்ஸ்' என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கடைசிச் சொல்லோடு சேவகம் படிப்பதை நிறுத்திக்கொள்ளும், கீழே உள்ள கையொப்பத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.