புதிய இணையதளத்துக்கு வாசகர்களை வரவழைத்து வருமானம் ஈட்டும் வழி

இணையதளத்தின் வழியே பணம் ஈட்ட விரும்புகிறவர், விளம்பரங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன், தமக்கு நன்கு தெரிந்த ஒரு குறுகிய துறையைத் தேர்ந்தெடுத்து, அதில் மக்கள் உண்மையாகவே தேடும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக முழுமையான விடை எழுத வேண்டும். கூகுள் தேடல் பெட்டியில் சில சொற்களைத் தட்டச்சு செய்தால் தோன்றும் பரிந்துரைகளே அக்கேள்விகளைக் காட்டிவிடும். இதற்கெனக் கட்டண மென்பொருள் வாங்குவது தொடக்கத்தில் வீண் செலவு.

அடுத்து, தளத்தைக் கூகுள் சர்ச் கன்சோலில் பதிவு செய்து, தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலான தள வரைபடத்தை (sitemap) அதில் சமர்ப்பிக்க வேண்டும். கட்டணமில்லாத இச்சேவை, எந்தத் தேடற்சொற்களுக்குத் தளம் தோன்றியது, எத்தனை சொடுக்குகள் கிடைத்தன, சராசரியாக எந்த இடத்தில் நின்றது என்பவற்றைக் காட்டும். பலமுறை தோன்றியும் சொடுக்குகள் குறைந்த பக்கத்தின் தலைப்பைத் திருத்துவதும், முடிவுகளின் இரண்டாம் பக்கத்தில் தேங்கி நிற்கும் கட்டுரையை விரிவாக்குவதும், புதிதாகப் பல கட்டுரைகள் எழுதிக் குவிப்பதைவிட விரைவில் பலன் தரும் என்பது என் கணிப்பு.

வருமானத்துக்கு, கூகுள் 2003இல் தொடங்கிய ஆட்சென்ஸ் போன்ற விளம்பரச் சேவைகளும், பரிந்துரைத்த பொருள் விற்றால் தரகு தரும் அஃபிலியேட் முறையும் உள்ளன. வாசகர் குறைவாக இருக்கும்போது பின்னதே ஏற்றது. ஆனால் தரகு பெறுவதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். தம் தளத்து விளம்பரத்தைத் தாமே சொடுக்கினாலோ, காசு கொடுத்துப் போலி வருகைகளை வாங்கினாலோ ஆட்சென்ஸ் கணக்கு முடக்கப்படலாம்.