துணைவர் திவாலானால் வீட்டுச் செலவைப் பங்கிடுவது எப்படி?

சொந்தத் தொழில் செய்யும் கணவரோ மனைவியோ இங்கிலாந்தில் திவால் மனு போட்டால், சம்பளத்தில் இருக்கும் மற்றவர் பெரும்பாலும் "எல்லா பில்லையும் நானே கட்டிவிடுகிறேன்" என்றுதான் சொல்வார். நல்ல மனம்தான், ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காரணம் மூன்றாம் படியில் இருக்கிறது. (இது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்தில் வேறு.)

படி 1: சம்பளத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள்

மனு ஏற்கப்பட்டதும் கூட்டு வங்கிக் கணக்கு முடக்கப்படலாம். அதனால் உங்கள் சம்பளமும் வாடகை, மின்சார டைரக்ட் டெபிட்டுகளும் முன்கூட்டியே உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்குப் போகட்டும். துணைவரின் பணத்தை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள். சொத்தை ஒளித்ததாகிவிடும்.

படி 2: உண்மையான வருமானத்தைக் கண்டுபிடியுங்கள்

தொழிலில் கைக்கு வந்த மொத்தப் பணம் வருமானம் ஆகாது. பொருள், வேன், இன்சூரன்ஸ் எல்லாம் கழித்து, ஜனவரியிலும் ஜூலையிலும் கட்ட வேண்டிய வருமான வரிக்கும் நேஷனல் இன்சூரன்ஸுக்கும் எடுத்து வைத்தபின் மிஞ்சுவதுதான் வருமானம். வேலை ஏறி இறங்கும் என்பதால் பல மாத சராசரியை எடுங்கள்.

படி 3: விகிதப்படி பிரியுங்கள்

உதாரணத்துக்கு, கணவர் பிளம்பர், மாதம் கையில் 1,600 பவுண்டு. மனைவியான உங்களுக்கு 2,400. வாடகை 1,350, கவுன்சில் டாக்ஸ் 160, கேஸும் கரண்டும் 170, தண்ணீர் 45, சாப்பாடு 475. மொத்தம் 2,200. வருமான விகிதம் 40:60 என்பதால் அவர் பங்கு 880, உங்கள் பங்கு 1,320.

அவருக்கு மீதம் 720. பயணம், போன், உடை, பல் வைத்தியம் போன்ற சொந்தச் செலவு 400 என்றால், உபரி 320. திவாலை நிர்வகிக்கும் அஃபிஷியல் ரிசீவர் பார்ப்பது இந்த உபரியைத்தான். மாதம் 20 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், 3 ஆண்டு வரை மாதாமாதம் கட்டச் சொல்லி இன்கம் பேமென்ட்ஸ் அக்ரிமென்ட் போடுவார்.

சரி, எல்லா பில்லையும் நீங்களே கட்டினால்? அவர் உபரி 1,200 ஆகிவிடும். நீங்கள் கூடுதலாகக் கட்டிய 880 பவுண்டும் வீட்டில் தங்காது, அவர் கடன்காரர்களுக்குப் போய்ச் சேரும். அவர் கடனுக்கு நீங்கள் பொறுப்பே இல்லை என்று சட்டம் சொல்லும்போது, உங்கள் சம்பளம் சுற்றுவழியில் அங்கே போவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அதற்காக அவர் பங்கை ஊதிக் காட்டவும் கூடாது. பொய்க் கணக்கு குற்றம். உங்கள் சம்பளத்தைச் சொல்லாவிட்டால் ரிசீவரே ஒரு பங்கை ஊகித்துக்கொள்ள இடமுண்டு. அதனால் சம்பளச் சீட்டையும் பில்களையும் எடுத்துவைத்து, யார் எதை எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

படி 4: கூட்டாக உள்ளவற்றைத் தனியே குறியுங்கள்

இருவர் பெயரிலும் எடுத்த கடன் இருந்தால், அவர் திவாலானபின் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும். கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் அப்படியே: தம்பதியாகச் சேர்ந்து வாழ்ந்தால் இருவரும் பொறுப்பு. அவர் பெயரில் மட்டும் இருந்த மின்சாரப் பாக்கி அவர் திவாலுக்குள் போய்விடும். அந்தக் கணக்கை இனி உங்கள் பெயருக்கு மாற்றிவிடுவது எளிது.

அவருடைய தொழிலுக்குத் தேவையான கருவிகளைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள், தொழிலையும் தொடரலாம். ஆனால் திவால் நிலை நீங்கும் வரை, அதாவது வழக்கமாக 12 மாதம், அதைச் சொல்லாமல் 500 பவுண்டோ அதற்கு மேலோ கடன் வாங்கக் கூடாது. சப்ளையரிடம் சாமான் கடனுக்கு எடுப்பதும் இதில் சேரும்.

படி 5: கணக்கைப் புதுப்பியுங்கள்

12 மாதத்தில் திவால் நீங்கினாலும் மாதத் தவணை 3 ஆண்டு முடியும்வரை ஓடும். நடுவில் வாடகை ஏறினாலோ, அவருக்கு வேலை குறைந்தாலோ, உங்கள் சம்பளம் மாறினாலோ உடனே ரிசீவரிடம் சொல்லித் தொகையைத் திருத்தக் கேளுங்கள். மனு போடுவதற்கு முன்பே இந்தத் தாளை பிசினஸ் டெப்ட்லைன் (Business Debtline) அமைப்பிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அவர்கள் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.