உழைப்பு போலவே தோன்றும் தேர்வுக்காலத் தவறுகள்

பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கும்போது, அக்கறையோடு படிப்பவர்களே அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் தவறுகள் சில உண்டு. செய்யும்போது அவை கடும் உழைப்பாகவே தோன்றுவதால், யாரும் அவற்றைத் தவறு என்று சந்தேகிப்பதில்லை.

முதலாவது, ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. நான்காம் முறை வாசிக்கையில் வரிகள் பழகிப்போய் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன; அந்தப் பழக்கத்தையே நாம் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்பிக்கே என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடே நினைவிருக்க, ஒரு சுற்று வாசித்துவிட்டு மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது. பக்கம் முழுவதும் மஞ்சள் மை பூசுவதும் இதே ரகம்தான். எல்லா வரியும் முக்கியம் என்றால் எந்த வரியும் முக்கியமில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, நிரூபணம் ஒன்றை வெற்றுத்தாளில் எழுதத் தொடங்குங்கள். மூன்றாம் படியில் பேனா நின்றுவிட்டால் எரிச்சலாக இருக்கும். ஆனால் எந்த இடத்தில் பாடம் பதியவில்லை என்பதைத் தேர்வறைக்கு முன்பாகவே காட்டிக்கொடுப்பது அந்த இடறல்தான்.

இரண்டாவது, உறக்கத்தில் கைவைப்பது. பகலில் படித்தவை நிலைத்த நினைவாக உறுதிப்படுவதில் ஆழ்ந்த உறக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், விடிய விடியக் கண்விழிப்பவர் படித்ததைக் கையோடு தொலைக்கவும் வழி செய்துகொள்கிறார். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக 1997இல் வெளியான ஆய்வொன்று கண்டது. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு அந்தக் கணக்கு இரவு 11 மணிக்கே நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புரட்டும் பக்கங்களின் மதிப்பை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

இதற்குத் துணைபோவது காப்பி. அதிலுள்ள காஃபீன் சோர்வை நீக்குவதில்லை. சோர்வை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் வந்து பொருந்த வேண்டிய இடங்களைத் தான் பிடித்துக்கொண்டு, அந்தச் செய்தியை மட்டும் மறைத்து வைக்கிறது. உடலிலுள்ள அதன் அளவு பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆவதால், மாலை 6 மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, படுக்கப்போகும்போதும் உள்ளே இருக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும் என்றாலும், பிற்பகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதைப் பலர் பெரிய கட்டுப்பாடாக நினைக்கிறார்கள். எட்டும் தூரத்தில் இருக்கிறவரை கை அதைத் தேடிப் போகத்தான் செய்யும். அடுத்த அறையில் வைத்துவிடுவதே எளிது. நேரம் மிச்சமாகும் என்று உணவைத் தவிர்ப்பதும், எழாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் கவனத்தைத்தான் முதலில் குலைக்கும். மணிக்கொரு முறை எழுந்து ஐந்து நிமிடம் நடந்தால் கழுத்துக்கும் கண்ணுக்கும் போதுமான ஓய்வு கிடைத்துவிடும்.

இன்னொரு தவறு தேர்வு முடிந்தபின் நடக்கிறது. அறைவாசலில் கூடி நின்று, ஏழாம் கேள்விக்கு யார் என்ன விடை எழுதினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கொடுத்த தாளில் இனி ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. ஆனால் அங்கே பற்றிக்கொள்ளும் பதற்றம் அடுத்த தாளுக்கான மாலையைத் தின்றுவிடும். பையை எடுத்துக்கொண்டு, பேச்சு தொடங்குவதற்குள் நழுவிவிடுங்கள்.