மல்லாரி அகப்பட்ட விதம்

அப்பா சேர்த்துவைத்த நாதஸ்வரக் கசெற்றுகளைக் கணினியில் ஏற்றி, முணுமுணுத்தால் மெட்டைத் தேடித்தரும் மென்பொருளையும் போட்டேன். கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி ஒன்றைத்தான் தேடினேன். 3 நாளாக அது அகப்படவில்லை. சுருதிப்பெட்டி வைத்துப் பாடினேன், வீண்வேலை. சுரங்களுக்கிடையிலான ஏற்ற இறக்கத்தைத்தான் மென்பொருள் ஒப்பிடும், எந்தச் சுருதியானாலும் ஒன்றுதான்.

அப்புறம் போனில் முணுமுணுத்த என் பதிவையே கேட்டுப் பார்த்தேன். நீட்டிய இடமெல்லாம் தேய்ந்து காணாமல் போயிருந்தது! போனில் இரைச்சலை வடிக்கும் வசதி, ஒரே சீராக வந்த 'ம்ம்...'மை மின்விசிறிச் சத்தம்போல எண்ணி அழித்திருக்கிறது. அதை நிறுத்தினேன். பாதிதான் சரி. கமகம் போட்டால், அதாவது சுரத்தை அசைத்துப் பாடினால், அது எங்கே முடிகிறதென்று மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. அசைவில்லாமல் 'த த த' என்று பாடினேன். 'த'வின் வெட்டு ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துக் காட்டிவிடும். யாழ்ப்பாணத்து இணுவிலில் பதிந்த அந்த மல்லாரி, தேடல் பட்டியலில் 2ஆவதாக வந்து நின்றது.