வாழை இரகங்களை ஒப்பிட வயலில் சோதனை அமைப்பது எப்படி?

பூவன், கற்பூரவல்லி, கிராண்ட் நைன், செவ்வாழை ஆகியவை அறுவடைக்கு வரும் காலத்தில் மாதக்கணக்கில் வேறுபடுகின்றன. ஆகவே தார் எடையை மட்டும் பார்த்து இரகத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு. ஒரே இடைவெளியில் நட்ட இரண்டு இரகங்களில், 20 கிலோ தாரை 15 மாதத்தில் தருவது ஆண்டுக் கணக்கில் மரத்துக்கு 16 கிலோதான் தருகிறது. 17 கிலோ தாரை 12 மாதத்தில் தருவதே மேலானது. எனவே நட்ட தேதி, குலை தள்ளிய தேதி, வெட்டிய தேதி மூன்றையும் மரத்துக்கு மரம் குறித்துவர வேண்டும்.

நான்கு இரகங்களை ஒப்பிடுவதானால் நிலத்தை நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரகத்துக்கு ஒரு பாத்தி ஒதுக்க வேண்டும். மடையோரம் ஈரமாகவும் கடைக்கோடி வறண்டும் இருந்தால், மடையோரம் ஒரு தொகுதியாகவும் கடைக்கோடி இன்னொரு தொகுதியாகவும் அமைய வேண்டும். எந்தப் பாத்தியில் எந்த இரகம் என்பதைத் தொகுதிதோறும் தனியாகச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்ய வேண்டும். இல்லையெனில் நமக்குப் பிடித்த இரகத்தை நல்ல மண்ணில் வைக்கவே மனம் போகும்.

பாத்திக்கு ஐந்துக்கு ஐந்தாக 25 கன்றுகள் நட்டு, நடுவிலுள்ள 9 மரங்களை மட்டும் அளப்பது நல்லது. உயர்ந்து வளரும் கற்பூரவல்லியின் நிழல் பக்கத்துப் பாத்தியின் குட்டையான கிராண்ட் நைன் மீது விழும்போது, அந்தப் பாதிப்பு ஓர வரிசையோடு பெரும்பாலும் நின்றுவிடும். 1.8 மீட்டர் இடைவெளியில், 16 பாத்திகளுக்கான 400 கன்றுகளுக்கு ஏறத்தாழ 32 சென்ட் நிலம் தேவை. ஓர் இரகத்துக்குத் திசு வளர்ப்புக் கன்றும் மற்றொன்றுக்குக் கிழங்குக் கன்றும் நட்டால், நாம் ஒப்பிடுவது இரகத்தையா கன்றையா என்பதே தெரியாமல் போகும்.

தாரை வெட்டும்போது எல்லா இரகத்திலும் காய் ஒரே அளவு முற்றியிருக்க வேண்டும்; தண்டை முதல் சீப்புக்கு மேல் ஒரு சாண் விட்டு நறுக்கி எடை போட வேண்டும்.

பலர் தவறுவது சாய்ந்த மரங்களில்தான். காற்றில் ஒடிந்தது, வாடல் நோயில் பட்டுப்போனது ஆகியவை அந்த இரகத்தின் குணமாகவும் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சுழிய எடையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாடு மேய்ந்ததையும் தவறுதலாக வெட்டப்பட்டதையும் மட்டுமே நீக்கலாம். காரணத்தை அன்றைக்கே எழுதாவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

நான்கு தொகுதிகளிலும் ஒரே இரகம் முந்தினால் அந்த வேறுபாட்டை ஓரளவு நம்பலாம். தொகுதிக்குத் தொகுதி வரிசை மாறினால், சராசரியில் தெரியும் இரண்டொரு கிலோ மண்ணின் வேலையாகவும் இருக்கலாம். மறுதாம்பிலும், அதாவது வெட்டிய மரத்தின் பக்கக் கன்றிலிருந்து வரும் அடுத்த பயிரிலும், அதே இடங்களை அளந்த பிறகே இரகத்தை மாற்றலாம்.